தொண்டைக்குக் கன்னடத்தில் என்ன

எட்டு வயதில் எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பு அசையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். ரேஷன் கடைக்காரர் ஏன் கையை விரிக்கிறார், வீட்டுக்கார அம்மா ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், வருகிற பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் நான்தான் வர வேண்டும். இதற்கும் என் புத்திசாலித்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் எனக்கு மட்டும்தான் கன்னடம் தெரியும்.

பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து நாங்கள் மைசூருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். அவருடைய கன்னடம் மணல், ஜல்லி, கம்பி, சீக்கிரம் வா என்ற நான்கு சொற்களோடு நின்றுவிடும். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். மூங்கில் குச்சிக்கும் கறுப்பு மாவுக்கும் எந்த மொழியும் தேவைப்படவில்லை. அக்கா ஊரில் ஆறாவது வரைக்கும் தமிழில் படித்தவள். இங்கே அவளை நான்காவதில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தன் தோளுக்குக்கூட வராத பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்த அவமானத்தில் அவள் வாயையே மூடிக்கொண்டாள். நான் ஒன்றாவதிலேயே சேர்ந்தேன். ஆறு மாதத்தில் கன்னடத்தில் சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்டேன்.

மொழிபெயர்க்கிறவளுக்கு இருக்கும் சௌகரியத்தை நான் சீக்கிரமே கண்டுபிடித்தேன். ஒருமுறை வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து, பெண் இளைத்திருக்கிறாளே என்றார். அதை நான் அம்மாவிடம், தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்கிறார் என்று சொன்னேன். ஒரு வாரம் முட்டை வந்தது. மைசூரில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது, பக்கத்துத் தெருவிலேயே நாலு குடும்பம் இருந்தது. ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது அம்மா வேறு யாரிடமாவது அர்த்தம் கேட்டுவிட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் அம்மா என்னைத் தவிர யாரையும் கேட்பதில்லை.

அந்த வருஷம் மழை ஓய்கிற நேரத்தில் அக்காவுக்குத் தொண்டை கட்டியது. நாலு நாள் உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், சரியாகிவிட்டது. யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் போன பிறகு காய்ச்சல் வந்தது. கூடவே வலது முட்டி வீங்கிச் சிவந்து சுடச்சுட ஆனது. போர்வை பட்டாலே அலறினாள். இரண்டு நாளில் முட்டி வற்றிவிட்டது, கணுக்கால் பிடித்துக்கொண்டது. அது தணிந்ததும் மணிக்கட்டு. வலி ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோகிறது என்று அப்பா சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் எங்கேயோ விழுந்துவிட்டு மறைக்கிறாள் என்பது அப்பாவின் முதல் சந்தேகம். வீட்டுக்கார அம்மா தன்னிடமிருந்த எண்ணெயைக் கொண்டுவந்து தந்தார். அவருக்கு வருஷம் முழுக்கக் கண்ட்டு நோவு. கண்ட்டு என்றால் கன்னடத்தில் மூட்டு. நோவு நமக்கும் தெரிந்த நோவுதான். எண்ணெயைத் தேய்க்கத் தேய்க்க, கண்ட்டு நோவு, கண்ட்டு நோவு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அந்த வார்த்தை எனக்குள் நன்றாக ஊறிவிட்டது.

எண்ணெயில் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே இருந்த லேடி டாக்டர் அக்காவின் மூட்டுகளைத் தொட்டதைவிட நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதுதான் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். தமிழ் தெரிந்த வார்டு ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். அப்பா வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"மூட்டுல ஒண்ணும் இல்லையாம். நெஞ்சுலதானாம்" என்றார்.

ருமாட்டிக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்ன பெயர் அப்பாவின் வாயில் நுழையவில்லை. நெஞ்சுக்குள் ரத்தம் போய்வர கதவு மாதிரி ஏதோ இருக்கிறது, அது வீங்கியிருக்கிறது, இப்போது மாத்திரையும் படுக்கையும்தான் மருந்து, அதற்கப்புறம் பல வருஷத்துக்கு ஊசி போட வேண்டும். டாக்டர் விளக்கியதில் இவ்வளவுதான் அவர் மனதில் தங்கியது. நெஞ்சு என்ற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, அப்பாவுக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டிருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்டு வந்திருப்பேனே என்ற ஆதங்கமும் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று அப்பாவுக்குத் தளம் போடுகிற வேலை, விட்டுவிட்டு வர முடியாது. அம்மாவும் நானும்தான் போனோம். பச்சைத் திரைக்குப் பின்னால் அக்காவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மேசையில் வயதான நர்சம்மா ஒரு அட்டையை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு விஷயங்களைச் சொன்னார். அம்மாவைப் பார்த்துப் பேசினாலும் நிறுத்தி நிறுத்தி எனக்காகவே சொன்னார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் விஷயம், இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை இந்த ஊசி, தேதி தவறவே கூடாது. சரியாகச் சொன்னேன். இரண்டாவது, பெண் நன்றாக ஓடியாடுகிறாளே என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதையும் சரியாகச் சொன்னேன். மூன்றாவது விஷயத்தை அவர் ஆரம்பிக்கும்போது திரைக்குப் பின்னால் அக்கா "அம்மா" என்று கத்தினாள். அம்மாவின் காதும் கண்ணும் அங்கே போய்விட்டன. "கண்ட்டலு நோவு பந்த்ரே தக்ஷண பரபேக்கு" என்றார் நர்சம்மா. அந்த நோவு வந்தால், ஊசித் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த நிமிஷமே வர வேண்டும்.

கண்ட்டலு. அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் எனக்கு ஏது? கண்ட்டு தெரியும். ஒன்று என்றால் கண்ட்டு. அக்காவுக்கு முட்டி, கணுக்கால், மணிக்கட்டு என்று பல இடத்தில் வலித்ததே, பல என்றால் கண்ட்டலு. இலக்கணம் பிடிபட்டுவிட்ட மகிழ்ச்சியில் அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

"மூட்டு வலி வந்தா உடனே கூட்டியாரணுமாம். தேதியெல்லாம் பாக்கக் கூடாதாம்."

நர்சம்மா அந்தச் சொல்லை அட்டையிலும் எழுதியிருந்தார். பஸ்ஸில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்ட்டலு என்றே இருந்தது. நான் சொன்னது சரிதான் என்று இன்னும் உறுதியாகிவிட்டது. கன்னடத்தில் கண்ட்டலு என்றால் தொண்டை. தொண்டையில் வரும் கிருமிதான் இந்த நோயைக் கிளப்பிவிடுகிறது, மறுபடி தொண்டை நொந்தால் மறுபடி நெஞ்சைப் பிடிக்கும், அதற்காகத்தான் அந்த ஊசியே. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது காரியம் கெட்டிருந்தது.

அன்றிலிருந்து அம்மா அக்காவின் மூட்டுகளுக்குக் காவல் இருந்தாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் கறுப்பு மாவு ஒட்டிய கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அக்காவை முன்னால் உட்கார வைத்து, முட்டி, கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு, பத்து விரல் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் "நோவுதா சாமி?" என்று கேள்வி. அவசரமே படமாட்டாள்.

"நேத்து இருந்த முட்டிதாம்மா இன்னிக்கும் இருக்குது" என்பாள் அக்கா.

"இருக்கட்டும். நானும் நேத்து இருந்த அம்மாதான்" என்று அம்மா அடுத்த காலுக்குப் போவாள்.

எனக்குப் பொறாமையாக இருக்கும். என் முட்டியையும் நீட்டுவேன். அம்மா அதையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, உனக்கு வாய்தான் நோவும் என்று தள்ளிவிடுவாள்.

இருபத்தொரு நாள் என்பது எங்கள் வீட்டுக் காலண்டர் ஆனது. ஊசி போட்ட தேதியில் அம்மா மாவு ஒட்டிய விரலால் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பாள். என்னை எண்ணச் சொல்லி அடுத்த தேதியில் இன்னொரு பொட்டு. ஊசி சாதாரண ஊசி இல்லை. மருந்து பால் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். நர்சம்மா குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். முதலில் முன்கையில் துளி போட்டுப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்கிறதா என்று. அப்புறம் இடுப்புக்குக் கீழே. மெதுவாக ஏற்ற வேண்டும், ஏறுகிற நேரம் முழுக்க வலி. போட்ட பிறகும் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். அக்காவால் உட்கார முடியாது, ஒருபக்கமாகச் சாய்ந்து அம்மாவின் மடியில் படுத்துக்கொள்வாள். பதின்மூன்று வயதுப் பெண் மடியில் படுக்கிறாளே என்று யாராவது பார்த்தால், அம்மா அவர்களைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம். மறுநாள் வரைக்கும் அக்கா நொண்டுவாள். ஒரு தேதியும் தவறவில்லை. மழையா, காய்ச்சலா, ஊதுபத்தி கேட்டு ஆள் வாசலில் நிற்கிறானா, எதுவானாலும் அன்றைக்கு ஆஸ்பத்திரிதான்.

இப்படி ஏழெட்டுப் பொட்டு ஆனது. அடுத்த பொட்டுக்கு முன்னால் எங்கள் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவின் ஒரே தம்பி. ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. அம்மா நாளை எண்ணிப் பார்த்துத்தான் கிளம்பினாள். கல்யாணம் முடிந்த மறுநாளே புறப்பட்டால் தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே மைசூரில் இருக்கலாம். அப்பா கல்யாணத்துக்கு வந்துவிட்டு அன்றே வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் பையோடு போய் நின்றால் பஸ் இல்லை. காவேரித் தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் கொதித்துக் கிடந்தார்கள். பாலாற்றுச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்க பஸ் அந்தப் பக்கமே நின்றது, இந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். அப்பா போனில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதிலும் தொற்றிக்கொண்டு வந்துவிடாதே, திறக்கட்டும் என்றார். நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா தினமும் ரோட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கறுப்புப் பொட்டு வைத்த தேதி வந்தது, போனது. அன்றைக்கே அம்மா கிளம்பினாள். பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினாள். அந்த மருந்து இங்கே வைப்பதில்லை, மேட்டூருக்குப் போங்கள் என்றார்கள்.

அதற்கு இரண்டாம் நாள் காலையில் அக்காவுக்குத் தொண்டை வலித்தது. எச்சில் விழுங்கினால் முகம் சுளித்தாள். உடம்பும் சூடாக இருந்தது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் எல்லோரும், ஊர்த்தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அம்மா மட்டும் மேட்டூருக்குப் போக மஞ்சள் பையில் அட்டையையும் ஒரு துண்டையும் எடுத்து வைத்தாள். ஒரு பகல் பூராவும் போகிற காரியம் அது. வாசல்வரை வந்தவள் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அம்முணி, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு. அன்னிக்கு அந்த நர்சம்மா தொண்டையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. "தொண்டையப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலைம்மா. மூட்டு வலிக்குத்தான் வரச் சொன்னாங்க" என்றேன்.

அதில் பொய் இல்லை. ஆனால் ஆசை இருந்தது. கல்யாணப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, சொந்தக்காரப் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள், மேட்டூருக்குப் போனால் வெயிலில் அலைய வேண்டும். அம்மா அங்கேயே உட்கார்ந்து அக்காவின் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நோகவில்லை. ரெண்டு நாள்ல பஸ் விட்ருவாங்க, நம்ம ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மஞ்சள் பையை ஆணியில் மாட்டினாள். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். நான் ஊஞ்சலுக்கு ஓடினேன்.

இரண்டு நாள் என்றது பத்து நாள் ஆனது. பஸ் ஓடிய முதல் நாளே வந்தோம், மறுநாள் காலையில் ஊசி. அக்காவின் தொண்டை அதற்குள் தானாகவே சரியாகியிருந்ததால் அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தேதி தவறியதற்கு நர்சம்மா கடிந்துகொண்டார். பஸ் இல்லை என்று நான் சொன்னதும் அவரும் தலையாட்டினார். தப்பித்தோம் என்று அம்மா அன்றைக்குக் கோயிலில் கற்பூரம் ஏற்றினாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அம்மா இடது முட்டியில் கை வைத்ததும் அக்கா துள்ளிவிட்டாள். அம்மா அடுத்த முட்டியைத் தொடவில்லை. எழுந்து செருப்பைப் போட்டாள். சொன்ன சொல் மாறாமல், அந்த நிமிஷமே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அதே லேடி டாக்டர்தான் இருந்தார். நெஞ்சில் குழாயை வைத்தார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம். எடுத்ததும் என் பக்கம் திரும்பி, நடுவில் கண்ட்டலு நோவு வந்ததா என்று கேட்டார்.

"நடுவுல மூட்டு வலி இருந்துதான்னு கேக்கறாங்க" என்றேன்.

"இல்லவே இல்ல, இன்னிக்குச் சாயங்காலம்தான்" என்றாள் அம்மா. அதைச் சொன்னேன்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். சாயங்காலமா, அதற்கு முன்னால் இல்லையா என்று கேட்டபடி அக்காவைப் பார்த்து, இங்கே, இங்கே என்று தன் விரலைத் தொண்டைக் குழியில் வைத்துக் காட்டினார். கண்ட்டலு.

அக்கா தலையை ஆட்டினாள். வந்தது என்று.

அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் அந்த விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற வயதான நர்சம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னேனே, அட்டையிலும் எழுதினேன், இதோ இந்தப் பெண்ணிடம்தான் சொன்னேன் என்று நர்சம்மா என்னைக் காட்டினார். அந்த அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. எதற்காக என்னைக் காட்டுகிறார்கள் என்று அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது சொல்லப்போகிறாள், இவள்தான் மூட்டு என்று சொன்னாள் என்று. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கன்னட வார்த்தை பேசாத அம்மா, டாக்டரைப் பார்த்துத் தானாகவே வாயைத் திறந்தாள்.

"நந்து தப்பு" என்றாள். சற்று நிறுத்தி, இன்னொரு முறை, "தப்பு நந்து, டாக்டரம்மா."

நந்து என்றால் கன்னடத்தில் என்னுடையது. எனக்குப் போன உயிர் வந்தது. இவளுடையது என்பதற்கு வேறு சொல் இருக்கிறது, அது அம்மாவுக்குத் தெரியவில்லை. பாவம், இவளுடைய தப்பு என்று சொல்ல வந்தவள் என்னுடையது என்று உளறிவிட்டாள். என் அதிர்ஷ்டம்.

டாக்டர் திட்டினார். நல்லவர்தான், அக்காவின் நெஞ்சைக் கேட்ட கவலையில் திட்டினார். அம்மா என் தோளில் கைவைத்து, என்ன சொல்றாங்க, ஒண்ணு விடாமச் சொல்லு என்றாள். அன்றைக்கு நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்த்ததே இல்லை. "பெத்தவளுக்கு இவ்வளவு அசட்டை ஆகுமாங்கறாங்க. சொன்னதைக் காதுல வாங்கலையாங்கறாங்க. போன தடவை ஆறிட்டு வந்த நெஞ்சு மறுபடி கெட்டுப் போச்சாம், இது உன் கவனக்குறைவாலதாங்கறாங்க" என்று என் வாயால் என் அம்மாவைத் திட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அக்காவைத் திரும்பவும் படுக்கையில் சேர்த்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "எனக்கும் அந்த வார்த்தை தெரியாதுடி, கழுதை" என்றாள். காய்ச்சலில் அவள் கை கொதித்தது. அந்தக் கையாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அக்கா பிழைத்தாள். இன்று அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு நாத்தனாரும் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகனும் இருக்கிறார்கள். நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை, கொஞ்சம் கசிகிறது. முதல் தடவையோடு நின்றிருந்தால் ஊசியைச் சில வருஷத்தில் விட்டிருக்கலாமாம், இரண்டாம் தடவை வந்ததால் இன்னும் நீண்டுகொண்டே போகிறது. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை அவளே ஸ்கூட்டரில் போய்ப் போட்டுக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருகிறாள். அந்தக் கசிவில் எவ்வளவு என்னுடைய பங்கு என்று ஒருமுறை அவளிடமே கேட்டேன். உன் பங்கு உன் வாய் மட்டும்தான் என்றாள். நான் சிரிக்கவில்லை. என்னால் இன்றைக்கும் அதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை.

அந்தத் தடவைக்கு அப்புறம் அம்மா வேறு யாரையாவது துணைக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில்தான் அத்தனை பேர் இருந்தார்களே. ஆனால் அடுத்த தேதிக்கும் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு மாற்றம். நர்சம்மா எதைச் சொன்னாலும், "தொட்டுக் காட்டச் சொல்லு அம்முணி" என்பாள். நர்சம்மாவும் சிரித்துக்கொண்டே தொண்டையைத் தொடுவார், முட்டியைத் தொடுவார், நெஞ்சைத் தொடுவார். அம்மாவும் கூடவே தொட்டுக்கொள்வாள்.

அந்த மாதங்களில் நான் அம்மாவுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். தொண்டை, மூட்டு, வயிறு, காய்ச்சல், நேற்று, நாளை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டேன். என்னுடையது, இவளுடையது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது சரியாகச் சொல்லிவிடுவாளே என்று பயம். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பயம் இருந்தது.

இத்தனைக்கும், அக்காவைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆறு வீட்டுக்கும் பொதுவாக இருந்த குழாயில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக அம்மாவுக்கு அவசரம். மூன்றாம் வீட்டுப் பெண் எங்கள் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அம்மா அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள், எங்கள் குடத்தைக் குழாய்க்கு நேராகத் தள்ளினாள். "இது நந்து. அது நிம்து. அது அவள்து" என்று உன்னுடையதையும் அவளுடையதையும் ஒவ்வொன்றாகக் கைகாட்டி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். தினமும் சொல்வதுதான். நான் பின்னால் சின்னக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன், சண்டையில் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.